கேரித் தீவின் கிளையமர் பறவைகள்

ஒரு நிலத்தின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே கூறுவன அல்ல; அந்நிலத்து மரங்களில் வந்தமரும் குருவிகளும் கூறும். எந்தப் பறவை எங்கே வாழ்கிறது, எப்போது வந்தது, எது ஒதுங்கிப் போயிற்று என்று ஆராய்ந்து செல்வோமாயின், மனிதன் அந்நிலத்தில் செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும். செலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் வட்டத்தில், கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே அமைந்துள்ள கேரித் தீவு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

பறவைநூல் வல்லார் பறவைகளைப் பல வரிசைகளாக வகுத்துள்ளனர். அவற்றுள் மிகப் பெரியது கிளையமர் பறவைகளின் வரிசை. உலகப் பறவை வகைகளில் பாதிக்கு மேற்பட்டவை இதனுள் அடங்கும். முன்னே மூன்று விரலும் பின்னே ஒரு விரலுமாக, மெல்லிய கொம்பையும் இறுகப் பற்றும் கால் இவற்றின் அடையாளம். தேன்சிட்டு, தூக்கணாங்குருவி முதலிய சிறு பறவைகளே இவ்வரிசையில் மிகுதி. உருவிற் பெரிய காக்கையும் இவ்வினமே என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். பழந்தமிழர் சிறு பறவைகளைக் 'குரீஇ' என்றனர். அச்சொல்லே இன்று குருவி என வழங்குகிறது.

அணைக்கு அப்பாலும் இப்பாலும்

கேரித் தீவு தாழ்ந்த சேற்று நிலம். முற்காலத்தில் கண்டற்காடே இங்கு மிகுதி. மலாய்க்காரர் அக்காட்டைப் பாக்காவ் என்பர். மரச்சிற்பத்திலும் முகமூடி செதுக்குவதிலும் பெயர்பெற்ற மா மெரி மக்கள் இத்தீவின் பழங்குடியினர். எட்வர்டு வாலன்டைன் ஜான் கேரி என்னும் ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரே தீவுக்கு இட்டு வழங்கலாயிற்று. கடல்நீர் புகாதபடி கரையெங்கும் அணை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்துத் தோட்டங்கள் அமைத்தனர். ரப்பரும் தென்னையும் வளர்ந்த நிலத்தைப் பின்னர்ச் செம்பனை கைக்கொண்டது. இத்தோட்டங்களில் உழைத்தவர்களுள் நம் தமிழ் மக்களும் இருந்தனர்.

அணை நீரை மட்டும் பிரிக்கவில்லை; பறவைகளின் நாட்டையும் இரண்டாகப் பிரித்தது. அணைக்கு வெளியே எஞ்சிய கண்டல் வரிசை பழைய குடிகளுக்கு உரியது. மலாய்மொழியில் கெலிச்சாப் பெரெபாட் எனப்படும் மஞ்சள் வயிற்றுச் சிறுகுருவி இத்தகைய கண்டற்கரையில் வாழ்வது. பெரெபாட் என்பது கண்டல் நிலத்து மரம் ஒன்றின் பெயர். பறவை வாழும் இடத்தையே அதன் பெயராக்கினர் மலாய் மக்கள். இக்குருவியின் உறவினங்களுள் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் வாழ்வன. இந்த ஓரினமே தீவுதீவாகப் பரவி மலாயாக் கரைவரை வந்துள்ளது.

தமிழகத்திலும் இலங்கையிலும் நாம் ஆறுமணிக்குருவி என்றழைக்கும் பறவைக்கும் செலாங்கூர்க் கண்டற்காட்டில் நெருங்கிய உறவு ஒன்றுண்டு. அது தடித்த அலகினால் சேற்று நண்டைப் பிடித்து உண்ணும். இப்பறவைக்குச் செம்பனை நிழலில் வாழ்வில்லை. அணைக்குள்ளே வாழ்வன வேறு. திறந்த வெளியையும் வீட்டுப்புறத்தையும் விரும்பும் மைனாவும், மலாய்க்காரர் 'முராய் கம்போங்' என்னும் வண்ணாத்திக்குருவியும் மனிதனோடு இணங்கி வாழ்கின்றன.

கப்பலேறி வந்த காக்கை

கிள்ளான் வட்டாரத்துக் கிளையமர் பறவைகளுள் வியத்தகு வரலாறு உடையது காக்கை. தமிழன் நன்கறிந்த, கழுத்தில் சாம்பல் நிறம் படர்ந்த ஊர்க்காக்கை இந்நாட்டுக்கு உரியதன்று. முன்பு இங்கே இருந்தது அண்டங்காக்கையே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளான் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் செழித்திருந்தன. காப்பி இலையைப் புழுக்கள் மொட்டையடித்தபோது, அவற்றைத் தின்று அழிக்கும் என்று நம்பிய தோட்டக்காரர் இலங்கையிலிருந்து ஊர்க்காக்கைகளைக் கப்பலில் கொணர்ந்து விட்டனர். கொழும்பு அரும்பொருட் காட்சிசாலையின் தலைவராயிருந்த ஆர்தர் வில்லி இக்குடியேற்றத்தைப் பற்றி 1904ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார்.

புழுவின் கேட்டோடு, பிரேசில் நாட்டு விளைச்சல் பெருகி விலையும் வீழ்ந்தது. காப்பி மறைந்து ரப்பர் வந்தது. காப்பி போயிற்று; காக்கை நின்றது. புழுவை உண்ண வந்தது ஊர்க் குப்பையை உண்டு பெருகிற்று. சிறு குருவிகளின் முட்டையையும் குஞ்சையும் கவர்ந்தது. பிற்காலத்தில் ஊராட்சி மன்றங்கள் ஆள் வைத்துக் காக்கையைச் சுட வேண்டியதாயிற்று. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலும் அதன் பின்னே இக்கரையில் பெருகிற்று. ஓர் உயிரின் வாழிடத்தையும் இயல்பையும் முற்றும் ஆராயாது இடம் பெயர்த்தால் விளைவு என்னவாகும் என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேண்டுவதில்லை.

பெயரும் பொருளும்

இங்கே தமிழாசிரியர் கருதத்தக்கது ஒன்றுண்டு. கடல் கடந்த நம் முன்னோர் தாய்நாட்டுப் பெயர்களையும் உடன் கொணர்ந்தனர். தூக்கணாங்குருவி என்றால் பிழையில்லை. மலாயாவின் தெம்புவாவும் அதே இனம். ஆயின் இந்நாட்டு ஊர்களில் நாம் சிட்டுக்குருவி என்று காட்டுவது பெரும்பாலும் தமிழகத்துச் சிட்டுக்குருவியன்று. தமிழகத்து ஆண்குருவியின் உச்சி சாம்பல் நிறம். பெண்குருவி நிறம் மங்கியது. இங்குள்ளதற்கு ஆண் பெண் இரண்டிற்கும் உச்சி செம்பழுப்பு. வெண்கன்னத்தில் கரும்பொட்டு ஒன்றுண்டு. பழம்பெயர் நம் கண்ணை மறைத்துவிட்டது.

கண்டற்குருவிகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவற்றுக்கு நம்மிடையே வழங்கும் தமிழ்ப் பெயரே இல்லை. காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் எனப் பெண்பாற் புலவர் ஒருவரைப் போற்றியது நம் மரபு. அம்மரபினர், தலைமுறை தலைமுறையாக அருகிலேயே வாழ்ந்தும் அணைக்கு அப்பாலுள்ள குருவிக்குப் பெயரிடாதிருப்பது முறையாமோ?

கேரித் தீவில் பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டம் 2017 முதல் பேசப்பட்டு வருகிறது. கரையோரக் கண்டல் வரிசை அழியுமானால், அதனையன்றிப் பிற வாழிடம் அறியாத குருவிகளும் உடன் அழியும். பெயரில்லாத ஒன்று மறைந்தால் அதனைத் தேடுவார் இலர். ஆதலின், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று, தம் ஊர்க் குருவிகளின் நிறம், குரல், கூடு, அமரும் மரம் ஆகியவற்றைக் குறிக்கச் செய்தல் வேண்டும். மலாய்ப் பெயரைக் கேட்டறிந்து, பொருத்தமான தமிழ்ப் பெயரையும் ஆக்குதல் வேண்டும். மொழி வளர்வதற்கும் உயிர் காப்பதற்கும் அது ஒருங்கே தொடக்கமாகும்.