வெள்ளியிலிருந்து வெள்ளி போன கதை



எங்கள் தோட்டப் பள்ளியில் மாணவர்களுக்கென ஒரு சிறு கூட்டுறவுக் கடை உண்டு. அதற்குச் சில்லறை வேண்டும். ஆகவே மாதம் ஒருமுறை பட்டணத்து வங்கிக்குச் சென்று, இருபது வெள்ளிக்கு இருபது காசு நாணயங்களாக வாங்கி வருவேன். ஒரு பொட்டலத்தில் நூறு நாணயங்கள் இருக்கும். அதைப் பிரித்து எண்ணும் பொறுப்பு ஆறாம் ஆண்டு மாணவர்களுடையது. வங்கி எண்ணிக் கொடுத்ததை நாங்கள் நம்பவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணுவது ஒரு சாக்கு. உண்மையில் நடப்பது தேடுதல் வேட்டை.

2012இல் வந்த மஞ்சள் நிற நாணயங்களை உருவில் சிறியவை என்பதால் உடனே பிரித்துவிடலாம். வெற்றிலைப் பெட்டியும் செம்பருத்திப் பூவும் பொறித்த வெண்ணிற நாணயங்கள் 1989ஆம் ஆண்டு முதல் அச்சானவை. அவற்றின் நடுவே, அதே நிறத்தில், ஏறக்குறைய அதே அளவில், எப்போதாவது ஒன்று பதுங்கியிருக்கும். அதில் நாடாளுமன்றக் கட்டடம் தெரியும். 1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மலேசிய மத்திய வங்கி தன் சொந்த நாணயங்களை வெளியிடத் தொடங்கியபோது பிறந்த வரிசை அது. அது கிடைத்தால் வகுப்பில் ஒரே ஆரவாரம்தான். அதற்கு ஈடாக என் பையிலிருந்து இருபது காசு கடைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்படி ஒன்று கிடைத்த நாளில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நாம ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளின்னு சொல்றோமே, இதுல வெள்ளி எங்க சார்?"

கேள்வி என்னைச் சற்றுத் திகைக்க வைத்தது. ரிங்கிட்டை நாம் 'வெள்ளி' என்கிறோம். ஆனால் அந்தப் பொட்டலத்தில் வெள்ளி உலோகம் ஒரு துளியும் இல்லை. எப்போது போயிற்று?

1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென அச்சிட்ட ஒரு வெள்ளி நாணயத்தின் எடை ஏறக்குறைய 27 கிராம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அசல் வெள்ளி. 1906இல் அதன் மதிப்பை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று ஆங்கில நாணயத்தோடு பிணைத்தார்கள். உடனே ஒரு சிக்கல். உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறியது. நாணயத்தைக் கொடுத்துப் பொருள் வாங்குவதைவிட அதை உருக்கி விற்பது இலாபம் என்ற நிலை வரப் பார்த்தது. அதனால் 1907இல் எடையை 20 கிராமாகக் குறைத்தார்கள். 1920ஆம் ஆண்டு பொறித்த நாணயத்திலோ எடை 17 கிராமுக்கும் குறைவு. அதிலும் பாதிதான் வெள்ளி. பெயர் மட்டும் அதே 'ஒரு வெள்ளி'.

நம் பாட்டன், பாட்டிமார் கையில் புரண்டது சில்லறைதான். போருக்கு முந்திய தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது பெயர்பெற்ற கூலிக் கணக்கு. 1930களின் மந்தநிலையில் அது 40, 32 என்று சரிந்ததும் உண்டு. 1939இல் வந்த மலாயா நாணயங்களில் முக்கால் பங்கு வெள்ளி. இரண்டு இருபது காசும் ஒரு பத்துக் காசும் சேர்த்தால் பதின்மூன்றரை கிராம். அதில் சுத்த வெள்ளி பத்து கிராம். ஆக, ஐம்பது காசு கூலி வாங்கியவர் கையில் பத்து கிராம் வெள்ளியும் இருந்தது.

1943ஆம் ஆண்டு பொறித்த நாணயங்களில் அது பாதிப் பங்காகக் குறைந்தது. இந்த 1943 ஒரு வேடிக்கையான ஆண்டு. அப்போது மலாயா ஜப்பானியர் வசம். இங்கே புழங்கியது 'வாழைமரத் தாள்' எனப்பட்ட காகிதப் பணம். மலாயாவின் பெயரிட்ட நாணயங்களை ஆங்கிலேயர் வேறிடத்தில் அச்சிட்டார்கள். 1945இல் அவர்கள் திரும்பிய பிறகுதான் அவற்றுக்கு இங்கே வேலை வந்தது. 1948ஆம் ஆண்டு நாணயத்திலோ இரண்டு இழப்புகளைக் காணலாம். அரசரின் தலையைச் சுற்றியிருந்த 'இந்தியாவின் பேரரசர்' என்ற பட்டம் போயிற்று. இந்தியா விடுதலை பெற்றுவிட்டதல்லவா! வெள்ளியும் அடியோடு போயிற்று. அதன் இடத்தில் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் வந்தது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்லன். என் அப்பாயி பால்மரம் வெட்டியவர். பழைய காசுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்த வாரத்தில் பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்தார். டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொரு காசின் ஆண்டையும் பார்த்து, இரு குவியலாகப் பிரித்தார். 1948க்குப் பிந்தியவற்றை, "இது வேண்டாம்" என்று எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். மற்றதைத் தராசில் போட்டு, அவர் சொன்னதுதான் விலை என்று கொடுத்துப் போனார். அவருக்கு ஆண்டு தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மறுநாள் லாரிக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது.

தப்பியது ஒன்றே ஒன்று: 1939ஆம் ஆண்டு பத்துக் காசு. துளையிட்டு என் தங்கையின் அரைஞாணில் கோத்திருந்தார்கள். துளை விழுந்த காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு குறைவு. போதாததற்கு, அம்மா அதைப் புளி போட்டு மாதாமாதம் தேய்த்திருக்கிறார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், நேயர்களே. பழைய காசு கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். தேய்த்தால் எழுத்தும் போகும், விலையும் போகும்.

அந்தப் பத்துக் காசை அம்மாணவியிடம் கொடுத்தேன். அவள் அதையும் அன்று கிடைத்த நாடாளுமன்ற நாணயத்தையும் மாறி மாறி மேசைமேல் சுண்டி, ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அடுத்த பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள்.