பயணிகளைக் குறிவைக்கும் ஜேப்படியும் தெரு மோசடியும் (ஐரோப்பா)

ஐரோப்பிய நகரங்களுக்கு வரும் வெளியூர், வெளிநாட்டுப் பயணிகளிடம் நடக்கும் ஜேப்படி, கவனம் திருப்பித் திருடுதல், தெருச் சூது, போலி அதிகாரி வேடம் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த குற்றங்கள். இவற்றில் ஆயுதமோ அடிதடியோ அநேகமாக இராது. பல வேளைகளில் பணம் போனதே ஓட்டலறைக்குத் திரும்பிய பிறகுதான் தெரியவரும். பாரிஸ், பார்சிலோனா, ரோம், வெனிஸ், பிராகா, லண்டன், இஸ்தான்புல் முதலிய நகரங்கள் இதற்குப் பேர்போனவை. உள்ளூர்வாசிகளும் பறிகொடுப்பதுண்டு. ஆனால் பயணியிடம் திருடுவதில் திருடனுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. பறிகொடுத்தவர் ஓரிரு நாளில் ஊரைவிட்டுப் போய்விடுவார், சாட்சிக் கூண்டில் ஏறத் திரும்பி வரமாட்டார். உடையும் பணமும் சட்டமும் எத்தனையோ மாறியிருந்தாலும் இந்த ஒன்று மட்டும் மாறவில்லை.

யாத்திரிகர் காலம்

இடைக்கால ஐரோப்பாவின் பெருந்திரளான பயணிகள் கிறிஸ்தவ யாத்திரிகர்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவில் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பி, பிரான்சிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் மக்கள் மாதக்கணக்கில் நடந்து சென்றனர். 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கோடெக்ஸ் கலிக்ஸ்தினுஸ் என்ற லத்தீன் நூலின் ஐந்தாம் பகுதி இவர்களுக்கான வழிகாட்டி. எமெரிக் பிக்கோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதியது என்பது மரபு. எந்த ஊரில் நல்ல தண்ணீர், எங்கே நல்ல ரொட்டி என்று சொல்லிக்கொண்டே வரும் நூல், யார் எங்கே ஏமாற்றுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறது.

நவார் நாட்டில் சலாதோ என்ற ஆற்றங்கரையில் இருவர் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தனர். குதிரைகளுக்கு இந்தத் தண்ணீரைக் காட்டலாமா என்று ஆசிரியர் கேட்க, நல்ல தண்ணீர்தான் என்றனர். குடித்த குதிரைகளில் இரண்டு அங்கேயே செத்து விழுந்தன. இருவரும் எழுந்து வந்து தோலை உரித்தெடுத்துக்கொண்டனர். பிரனீஸ் மலைக்கு வடக்கே ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டிகளைப் பற்றிய பகுதி இதைவிடக் கொடியது. ஒற்றை மரத்தைக் குடைந்த சிறு படகு. ஏழை பணக்காரன் பாராமல் தலைக்கு ஒரு காசு, குதிரைக்கு நான்கு. காசை வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே அளவுக்கு மீறி ஆளேற்றிப் படகைக் கவிழவிடுவார்கள் என்றும், மூழ்கியவர்களின் உடைமைகளை வாரிக்கொள்வார்கள் என்றும் நூல் எச்சரிக்கிறது. கூட்டமில்லாத படகாகப் பார்த்து ஏறச் சொல்கிறது.

அதே தொகுப்பின் முதல் பகுதியில் உள்ள நீண்ட பிரசங்கம் ஒன்று சத்திரக்காரர்களின் வேலைகளை வரிசையாக எடுத்துக்காட்டுகிறது. ஊர் வாசலிலேயே காத்திருந்து, தூரதேசத்திலிருந்து வந்த உறவினரை வரவேற்பதுபோல் யாத்திரிகரை முத்தமிட்டு அழைத்துப்போவார்கள். சுவை பார்க்க நல்ல மதுவைக் கொடுத்துவிட்டுப் புளித்ததை ஊற்றுவார்கள். உள்ளே தடுப்பு வைத்து இருவகை மது அடைத்த பீப்பாய்களும் உண்டு. நாணயம் மாற்றுவோர் வாங்க ஒரு படிக்கல்லும் கொடுக்க ஒரு படிக்கல்லும் வைத்திருப்பார்கள். கைகால்களில் முயல் இரத்தத்தைப் பூசிக்கொண்டு நோயாளிபோல் வழியோரம் கிடப்போரையும் பிரசங்கம் விட்டுவைக்கவில்லை. இன்று பிராகாவின் பணமாற்றுக் கடையிலோ ரோமின் உணவக வாசலிலோ நடப்பதில் பெரும்பகுதி இந்தப் பக்கங்களில் ஏற்கெனவே இருக்கிறது. நூலின் ஒரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கத்தி தீட்டியவர்கள் போன்ற சிலரோடு நிற்காமல் நவார் மக்கள் அனைவரையுமே அது இழிவாகத் திட்டித் தீர்க்கிறது. சிலரின் குற்றத்தை ஓர் இனத்தின் குணமாக எழுதிவைக்கும் வழக்கம் பின்னாலும் தொடர்ந்தது.

லண்டனின் முடிச்சவிழ்க்கிகள்

பயணப் பணம் நெடுங்காலம் இடுப்புக் கச்சையில் தொங்கிய பணமுடிச்சில்தான் இருந்தது. ஆகவே திருடனுக்கு வேண்டியவை ஒரு சிறு கத்தியும் கூட்டமும். உடையோடு தைத்த பைகள் பரவியபோது கத்தியைவிட விரல்களின் நயம் முக்கியமாயிற்று. இரண்டு முறைகளும் அருகருகே வழங்கிய எலிசபெத் காலத்து லண்டன் பற்றி நிறைய ஆவணங்கள் கிடைக்கின்றன.

1585இல் லண்டன் நகர நீதி அதிகாரி வில்லியம் ஃபிளீட்வுட், அமைச்சர் பர்லி பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருட்டுப் பள்ளியை விவரிக்கிறார். பில்லிங்ஸ்கேட் துறைமுகத்தருகே ஒரு சாராயக்கடையில் அது நடந்தது. நடத்தியவர் வொட்டன், நல்ல குடும்பத்தில் பிறந்து, ஒருகாலத்தில் மதிப்போடு வணிகம் செய்தவர். அங்கே ஒரு சட்டைப்பையும் ஒரு பணமுடிச்சும் தொங்கவிடப்பட்டிருந்தன. பையைச் சுற்றி வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சிறு மணிகள், அவற்றுக்கு மேலே ஒரு பூசை மணி. மணி ஒலிக்காமல் பையிலிருந்து வில்லையை எடுப்பவன் ஒரு பட்டம் பெறுவான். முடிச்சிலிருந்து வெள்ளிக்காசை எடுப்பவன் வேறொரு பட்டம் பெறுவான். டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட் நாவலில் ஃபேகின் சிறுவர்களுக்குப் பயிற்சி தருவதை மிகைக் கற்பனை என்று நினைப்பவர்கள் இக்கடிதத்தைப் படிக்க வேண்டும்.

சட்டம் கடுமையாகத்தான் இருந்தது. 1565ஆம் ஆண்டுச் சட்டப்படி, பன்னிரண்டு பென்சுக்கு மேல் ஒருவர் அறியாமல் அவர் உடலிலிருந்து திருடினால் தூக்கு. ஆனாலும் தூக்குப் பார்க்கக் கூடிய கூட்டத்திலேயே ஜேப்படி நடந்தது. 1808இல் சாமுவேல் ரொமிலியின் முயற்சியால்தான் இக்குற்றத்துக்கு மரணதண்டனை நீங்கியது.

நாட்டுப்புறத்திலிருந்து வழக்குக்காகவோ சந்தைக்காகவோ லண்டனுக்கு வந்தவர்களே முதன்மையான இலக்கு. ராபர்ட் கிரீன் 1591இலும் 1592இலும் வெளியிட்ட சிறு பிரசுரங்கள் இவர்களை எச்சரிக்க எழுதப்பட்டவை. அவற்றில் ஒரு நிகழ்ச்சி இன்றைய காவல்துறையும் கருத வேண்டியது. தெருப்பாடகர்கள் பாட்டின் நடுவே, திருடர்கள் இருக்கிறார்கள், பணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூட்டத்தை எச்சரிக்கிறார்கள். உடனே ஒவ்வொருவர் கையும் பணம் இருக்கும் இடத்துக்குப் போகிறது. கூட்டாளி அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பென் ஜான்சன் 1614இல் அரங்கேற்றிய பார்த்தலோமியோ சந்தை நாடகத்திலும் இதே உத்தி வருகிறது. இன்றைய மெட்ரோ நிலையங்களில் தொங்கும் ஜேப்படி எச்சரிக்கைப் பலகைகளைக் கண்டதும் பயணிகளின் கை தானாகப் பையைத் தடவிப்பார்க்கிறது. பலகை திருடனுக்கும் சேர்த்தே உதவுகிறது என்பதால் அதை வைக்கும் இடத்தை யோசிக்க வேண்டும்.

பயணியின் மௌனம் திருடனுக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு ஜார்ஜ் பாரிங்டனின் (1755–1804) வழக்கு நல்ல சான்று. நாகரிக உடையில் அரங்குகளுக்குள் நுழைந்து திருடிய இவர், 1775இல் காவென்ட் கார்டன் அரங்கில் ரஷ்யப் பிரபு ஆர்லவின் வைரம் பதித்த பொடி டப்பாவில் கைவைத்துப் பிடிபட்டார். ஆர்லவ் வழக்கு நடத்த முன்வராததால் பாரிங்டன் விடுதலையானார். பின்னும் பல ஆண்டுகள் தொழிலைத் தொடர்ந்து, 1791இல்தான் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கே காவல் பொறுப்புக்கு உயர்ந்தது தனிக்கதை.

ஓவியங்களிலும் திரையிலும்

ஹீரோனிமஸ் பாஸின் பெயரோடு வழங்கும் செப்படி வித்தைக்காரன் என்ற ஓவியம் இத்தொழிலின் இலக்கணத்தை ஒரே காட்சியில் வைத்துவிடுகிறது. மேசைமேல் கிண்ணங்களும் பந்துகளும். குனிந்து வாய்பிளந்து பார்க்கும் ஒருவர். அவர் பின்னால் வானத்தைப் பார்ப்பதுபோல் முகத்தை உயர்த்தியபடி பணமுடிச்சை எடுக்கும் இன்னொருவர். வித்தைக்காரனும் திருடனும் கூட்டா என்று கலை வரலாற்றாளர் விவாதிப்பதுண்டு; தெருவை அறிந்தவர்களுக்கு அதில் ஐயமே வராது. பாரிஸுக்கு அருகே சேன்-ஜெர்மேன்-ஆன்-லே நகர அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான இவ்வோவியமே 1978 டிசம்பரில் திருடுபோய், இரண்டு மாதம் கழித்து மீட்கப்பட்டது.

காரவாஜியோவும் ஜார்ஜ் தெ லா தூரும் குறிசொல்லும் ரோமா இனப் பெண்களை வரைந்தனர். நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள லா தூரின் படத்தில், கிழவி குறிசொல்லும்போது ஒருத்தி இளைஞனின் சங்கிலியை வெட்ட, மற்றொருத்தி அவன் பையில் கைவிடுகிறாள். கைவண்ணம் வியக்கத்தக்கது. ஆனால் ரோமா மக்கள் என்றாலே திருடர்கள் என்ற எண்ணத்தை வேரூன்றச் செய்ததில் இத்தகைய படங்களுக்குப் பங்குண்டு. அந்த மக்களில் பெரும்பாலோர் இன்றும் பேருந்திலும் கடையிலும் அந்தப் பழியைச் சுமக்கிறார்கள்.

ஜேப்படியைக் கதைப்பொருளாகக் கொண்ட திரைப்படங்களில் ராபர்ட் பிரெஸ்ஸோனின் பிக்பாக்கெட் (1959) முதன்மையானது. அதற்குக் கை வேலை கற்றுத்தந்த கசாகி படத்திலும் நடித்திருக்கிறார்.

வகைகள்

கூட்டு ஜேப்படியில் குறைந்தது மூவர் சேர்வர். ஒருவர் முன்னால் நின்று வழியடைப்பார், இன்னொருவர் எடுப்பார், எடுத்த பொருள் நொடியில் மூன்றாமவரிடம் போய்விடும். எடுத்தவரைப் பிடித்துச் சோதித்தாலும் கையில் ஒன்றும் இராது. மெட்ரோ கதவு மூடும் கணமும் நகரும் படிக்கட்டின் உச்சியும் இதற்கு ஏற்ற இடங்கள். தோளில் எதையோ தெளித்துவிட்டு, அழுக்குப் பட்டிருக்கிறதே என்று துடைக்க வருவது, காதுகேளாதோர் நலனுக்கென்று கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டி அதன் மறைவில் பையைத் திறப்பது, உணவக மேசையிலுள்ள கைப்பேசிமேல் வரைபடத்தை விரிப்பது ஆகியவை இதன் கிளைகள்.

கடமைப்படுத்தும் மோசடியில் திருட்டே இராது. பயணியே பணம் கொடுப்பார். பாரிஸ் சாக்ரே-கர் ஆலயப் படிக்கட்டருகே விரலில் நூலைச் சுற்றிக் கையில் காப்பு பின்னிவிட்டு விலை கேட்பார்கள். கிரனாடா பேராலயத்தருகே ரோஸ்மேரிக் கொத்தை நீட்டிக் கைரேகை பார்ப்பார்கள். சேன் நதிக்கரையில் கீழே கிடந்ததாகப் பித்தளை மோதிரத்தை எடுத்து, உங்களுடையதா என்பார்கள். இஸ்தான்புல்லில் காலணி துடைப்பவர் பிரஷைத் தவறவிட்டதுபோல் நடந்துபோவார். எடுத்துக்கொடுத்தால் நன்றிக்காகத் துடைத்துவிட்டு, முடிவில் கூலி கேட்பார்.

ஏமாந்தவர்கள் பேராசையால் ஏமாந்தார்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தெருச் சூதுக்கு மட்டும் அது ஓரளவு பொருந்தும். நம்மூர்த் திருவிழாக்களில் மூணு சீட்டு என்று அறியப்படும் ஆட்டம் பிரான்சில் பொன்னெத்தோ. ஸ்பெயினில் கிண்ணங்களோடு ஆடுபவர்கள் த்ரிலெரோக்கள். வித்தைக்காரர் ராபர்-ஊதேன் 1861இல் சூதாடிகளின் தந்திரங்களை அம்பலப்படுத்தி ஒரு நூலே எழுதினார். சுற்றி நின்று ஜெயிப்பவர்கள் எல்லாரும் கூட்டாளிகள். மற்ற மோசடிகள் பிடித்துக்கொள்வது பயணியின் ஆசையை அல்ல, அவருடைய மரியாதையை. கீழே விழுந்த பொருளை எடுத்துக்கொடுப்பவர், நீட்டிய கையைத் தட்டிவிடக் கூசுபவர், தெரியாத மொழியில் பேசுகிறவரிடம் நின்று காதுகொடுப்பவர், இவர்களே சிக்குகிறார்கள். அவர்களைப் பேராசைக்காரர் என்பது அநியாயம்.

சீருடை இல்லாத போலிக் காவலர்கள் கள்ள நோட்டுச் சோதனை என்று பணப்பையைக் கேட்டு வாங்குவதும், பிராகாவில் செல்லாத பழைய பெலருஸ் ரூபிளைச் செக் பணமென்று மாற்றிக்கொடுப்பதும், புடாபெஸ்டில் பெண்கள் அழைத்துப்போகும் மதுக்கூடங்களில் மலைக்கவைக்கும் ரசீது வருவதும் பிற வகைகள்.

சட்டம்

ஸ்பெயினில் 400 யூரோவுக்கு உட்பட்ட திருட்டு சிறு குற்றம், தண்டனை அபராதம். திருடர்கள் இந்த வரம்பைக் கணக்கிட்டே இயங்கினர். 2022ஆம் ஆண்டுத் திருத்தம், குறைந்தது மூன்று முறை தண்டனை பெற்று, பறித்த தொகையும் மொத்தத்தில் அவ்வரம்பைத் தாண்டியவர்களுக்குச் சிறைக்கு வழிசெய்தது. இத்தாலி எதிர்த்திசையில் போனது. 2022 இறுதியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தால் பல திருட்டு வழக்குகள் பாதிக்கப்பட்டவர் முறைப்படி புகார் கொடுத்தாலன்றி நகரா. விமானம் பிடிக்க ஓடும் பயணியை நம்பி ஒரு வழக்கை நிறுத்திவைப்பது, அந்த வழக்கைக் கைவிடுவதற்குச் சமம்.

பயணியின் அவசரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட சட்டம் செக் குடியரசில் உண்டு. 2019 ஏப்ரல் முதல், பணமாற்றுக் கடையில் 1,000 யூரோ வரை மாற்றியவர் மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிவந்து மாற்றத்தை ரத்து செய்துகொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வழக்குமன்றமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். மற்ற நாடுகள் இதைப் பின்பற்றத் தயங்குவது புரியவில்லை.

இன்றைய நிலை

2013 ஏப்ரல் 10 அன்று ஜேப்படிக் கும்பல்களின் தொல்லை தாங்காமல் லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அருங்காட்சியகம் ஒரு நாள் மூடப்பட்டது. அதன்பின் காவல் கூட்டப்பட்டது. வெனிஸில் ஜேப்படிக்காரர்களைக் கண்டதும் உரக்கக் கூவி எச்சரிக்கும் குடிமக்கள் குழு 2023இல் காணொளிகள் மூலம் உலகெங்கும் அறியப்பட்டது. ரொக்கம் குறைந்ததால் கைப்பேசியே இப்போது முதல் இலக்கு. லண்டனில் மின்சைக்கிளில் வந்து பறித்துப்போகிறார்கள். கடவுச்சீட்டை இழந்த இந்தியர் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதி நகல் பெற்றபின் இந்தியத் தூதரகத்தை அணுகினால், நாடு திரும்புவதற்கு மட்டுமான அவசரச் சான்றிதழ் கிடைக்கும். பயணக் காப்பீட்டுத் தொகை கேட்கவும் அதே புகார் நகல் தேவைப்படும்.