வீட்டுக்குப் போன நோயாளிகள்

சென்னைக்காரர்களுக்கு சானடோரியம் என்றால் தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நானும் ரொம்ப நாள் யோசித்ததில்லை. 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. டிபிக்கு மருந்தே இல்லாத காலத்தில் இதுதான் வைத்தியம். கூடவே இன்னொரு லாபம்: நோயாளி வீட்டில் இல்லை, அதனால் குழந்தைகளுக்குத் தொற்றாது.

மருந்து வந்த பிறகும் இந்த நம்பிக்கை அப்படியே இருந்தது. 1947-ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தார்கள். 107 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், மற்றதற்கு வெறும் ஓய்வு. ஆறு மாதத்தில் மருந்து வாங்கிய 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். வாங்காத 52 பேரில் 14 பேர். மருந்து வேலை செய்கிறது, சரி. அப்படியானால் படுக்கை எதற்கு? இந்தக் கேள்வியை பிரிட்டன் கேட்கவில்லை. அங்கே படுக்கை இருந்தது.

மெட்ராஸில் இல்லை. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில் இருந்த நாடு இது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து இங்கே ஒரு சிகிச்சை ஆய்வு மையம் ஆரம்பித்தன. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசுதான். முதல் பொறுப்பாளர் வாலஸ் ஃபாக்ஸ்.

அவர்கள் செய்ததை இன்று யோசித்தாலும் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. நகரத்தின் நெரிசலான ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகள். குலுக்கலில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேர் வீட்டுக்கு. வீடு என்றால் பெரும்பாலும் ஒரு அறை, அதில் மனைவி, குழந்தைகள், வயசானவர்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்: ஐசோனியசிட்டும் பிஏஎஸ்ஸும். பிஏஎஸ் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 கிராம், வயிற்றைப் புரட்டும் சமாச்சாரம். வீட்டுக்குப் போனவர்கள் அதை ஒழுங்காக விழுங்குகிறார்களா? ஆய்வாளர்கள் சும்மா நம்பிவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அறிக்கை வந்தது. தொண்ணூறு பக்கத்துக்கு மேல். நான் படித்ததில் இவ்வளவு பொறுமையாக எழுதப்பட்ட மருத்துவக் கட்டுரைகள் குறைவு. வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாரும் பயந்த விஷயம் குடும்பத்துக்குத் தொற்றுவது. அடுத்தடுத்த வருஷங்களிலும் உறவினர்களைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் அதிகமாக நோய் வரவில்லை. காரணம் யோசித்தால் எளிது: நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே மாதக்கணக்கில் அந்த அறையில் இருமி முடித்திருப்பார். மருந்து தொடங்கிய பின் தொற்றும் சீக்கிரம் குறைந்துவிடும்.

இந்த முடிவு உலகத்தையே மாற்றியது, மிகைப்படுத்தவில்லை. 1962-ல் இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம் வீட்டு சிகிச்சையை நம்பித்தான் ஆரம்பித்தது. மற்ற நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஏழைக்குப் படுக்கை கிடைக்கும்வரை காத்திருந்து சாக வேண்டியதில்லை.

இதுவரைக்கும் எனக்கு மெட்ராஸ் ஆய்வு மேல் பக்தியே உண்டு. இடறுவது எடைக் கணக்கில்தான்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு. வீட்டில் இருந்தவர்களுக்கு வழக்கமான ஏழைச் சாப்பாடு, வேலை வேறு. சானடோரியக்காரர்கள் கிட்டத்தட்ட இரண்டு பங்கு எடை ஏறினார்கள். ஆனால் கிருமி போனதில் இரண்டு பேரும் ஏறக்குறைய சமம். அதனால் 1961-ல் ஒரு தனிக் கட்டுரை: ஆரம்ப சிகிச்சை வெற்றிக்கு உணவு பெரிய காரணமில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். சளியில் கிருமி இருக்கா, இல்லையா என்பதுதான் கேள்வி. ஆனால் பதில் போன இடத்தில் கேள்வி கூடப் போகவில்லை. 'டிபிக்குச் சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும்' என்று சுருங்கிவிட்டது. சாப்பாடு போட வேண்டாம் என்றால் எந்த அரசுக்குத்தான் கசக்கும்?

193 பேரை வைத்துக்கொண்டு சாப்பாட்டால் சாவு குறையுமா என்று பார்க்கவே முடியாது. அதைவிட முக்கியமான ஒன்று: சானடோரியத்துக்குப் போனவர் முட்டை சாப்பிட்டார், அவர் குடும்பம் சாப்பிடவில்லை. இரண்டு பிரிவிலும் வீட்டில் இருந்தவர்களின் தட்டில் அதே சோறுதான். ஆக, நன்றாகச் சாப்பிட்டால் அடுத்தவருக்கு நோய் வராமல் இருக்குமா என்ற கேள்வி அந்தச் சோதனைக்குள் நுழையவே இல்லை.

அது நுழைய அறுபது வருஷம் ஆனது. 2019-ல் ஜார்க்கண்டில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு தொடங்கியது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் நடத்தினார்கள். சேத்துப்பட்டு நிறுவனமும் கூட இருந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருட்கள். பாதிக் குடும்பங்களில் மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. புதிதாக எந்த மருந்தும் கிடையாது. 2023-ல் முடிவு வெளியானது: உணவு வாங்கிய வீடுகளில் புதிதாக டிபி வந்தது 39 சதவீதம் குறைவு. கிருமி உறுதியான நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் சாவும் குறைவு.

தடுப்பூசி ஒன்று இப்படி எண் காட்டியிருந்தால் முதல் பக்கச் செய்தி. பருப்புக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அரசு 2018-லிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துக்காகக் கொடுக்கிறது, 2024-ல் அதை ஆயிரமாக்கியது. ஆயிரம் ரூபாயை ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருத்தர் மட்டும் எப்படிச் சாப்பிடுவார் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு டிபி என்றால் அந்த முட்டை யார் தட்டுக்குப் போகும் என்று மட்டும் தெரியும்.