ஈரத்துணி வைத்தியம்

மோட்டார் வண்டிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் குதிரைத்திறனைப் பற்றியும் உடலமைப்பின் வளைவுகளைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பெட்ரோல் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை போகும் மெல்லிய குழாயைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வண்டி நடுவழியில் நின்றபோதெல்லாம் முதலில் சந்தேகிக்கப்பட்டது அந்தக் குழாய்தான்.

1908-இல் வெளிவந்த ஃபோர்டின் 'மாடல் டி' வண்டிக்குப் பெட்ரோல் பம்ப்பே கிடையாது. முன்னிருக்கைக்கு அடியில் டேங்க், அதற்குத் தாழ்வாகக் கார்புரேட்டர். பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி வரும். டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், முன்பக்கம் உயர்ந்து கார்புரேட்டர் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே போய்விடும், இன்ஜின் அணைந்துவிடும். ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பி, பின்னோக்கியே மேட்டில் ஏற்றினார்கள். வேடிக்கையாகச் சொல்லப்படும் இச்செய்தியில் எனக்குத் தெரிவது வேடிக்கை அல்ல. காரணத்தைச் சரியாக அறிந்தவன் மட்டுமே அப்படித் திருப்பியிருக்க முடியும்.

டேங்க் வண்டியின் பின்புறத்துக்குப் போனபோது பெட்ரோலை மேலே இழுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஸ்டூவர்ட்-வார்னர், பிரிட்டனில் ஆட்டோவாக் ஆகிய கருவிகள் இன்ஜினின் உறிஞ்சு விசையையே இதற்குப் பயன்படுத்தின. நீண்ட ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் அந்த விசை குறைந்துவிடும்; பெட்ரோல் மிகத் தேவைப்படும் நேரத்தில் அது வராது. காலைச் சற்றுத் தளர்த்தினால் மீண்டும் வரும். 1920-களின் இறுதியில் ஏ.சி. நிறுவனத்தின் டயாபிரம் பம்ப் வந்து இந்தக் கவலையைத் தீர்த்தது. கேம் ஷாஃப்டின் ஒரு மேடு ஒரு நெம்புகோலைத் தள்ள, அது துணியும் ரப்பரும் சேர்ந்த ஒரு சவ்வை இழுத்து விடுகிறது. அவ்வளவுதான். ஆல்பர்ட் சாம்பியன் என்பவருடைய பெயரின் முதலெழுத்துகளான ஏ.சி., நம் பட்டறைகளில் யார் செய்த பம்ப்புக்கும் பொதுப்பெயராகி 'ஏசி பம்ப்' என்றே நிலைத்துவிட்டது.

1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறப்பு. அதன் பெட்ரோல் இன்ஜினிலும் இத்தகைய பம்ப்தான் இன்ஜினின் பக்கவாட்டில், அதன் சூட்டிலேயே அமர்ந்திருந்தது. குளிர்நாட்டில் வரைந்த படம் நம் கோடைக்கு வந்தபோது என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலின் இலகுவான கூறுகள் நாற்பது டிகிரிக்குள்ளாகவே கொதிக்கத் தொடங்கிவிடுபவை. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. மலையேறினால் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு. குழாயில் ஆவி சேர்ந்துவிட்டால் பம்ப் அந்த ஆவியையே பிசைந்துகொண்டிருக்கும். பட்டறை மொழியில் இதற்கு 'ஏர் லாக்'. வெளியிலிருந்து புகுந்த காற்று அல்ல இது என்றாலும், பெயர் அதுதான். பானட்டைத் திறந்து, பம்ப்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் கால் மணிநேரம் மரநிழலில் நிற்பது, மலைப்பாதைகளில் ஒரு சடங்காகவே இருந்தது.

சிக்கல் இங்கேதான். கால் மணிநேரத்தில் குளிர்வது பம்ப் மட்டுமல்ல. பழுதாகிக்கொண்டிருக்கும் இக்னீஷன் காயிலும் கண்டென்சரும்கூடச் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர்பெறும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நிற்கும். வண்டி நிற்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விட, அதுவும் தானே சரியாகிவிடும். மூன்று நோய்களுக்கும் ஒரே அறிகுறி. மூன்றையும் 'குணப்படுத்திய' பெருமை ஈரத்துணிக்கு. எத்தனை நல்ல பம்ப்புகள் இதனால் கழற்றி எறியப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தேர்ந்த மெக்கானிக் காத்திருக்க மாட்டார். வண்டி நின்ற அந்தக் கணத்திலேயே பார்ப்பார். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளிழுபடுகிறதா? பிளக்கில் பொறி வருகிறதா? வருகிறதென்றால், கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு இன்ஜினைச் சுழற்றச் சொல்வார் (சூடான இன்ஜினுக்கும் பொறிக்கும் எட்டத்தில்தான்). ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்ரோல் பீய்ச்சியடித்தால் பம்ப் நிரபராதி. பம்ப்பின் கைநெம்புகோலை அசைக்கும்போது பிடிமானமே இல்லாவிட்டாலும் அவசரப்படக் கூடாது: கேமின் மேடு உச்சியில் நின்றிருந்தால் அப்படித்தான் இருக்கும். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அசைக்க வேண்டும். கடைசியாக ஆயில் அளவுகோலை உருவி முகர்ந்து பார்ப்பார். பெட்ரோல் வாடை வீசினால், ஆயில் மட்டமும் உயர்ந்திருந்தால், டயாபிரம் கிழிந்திருக்கிறது. அதற்குமேல் அந்த வண்டியை ஓட்டுவது இன்ஜினுக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து.

இந்த அறிவை எந்த நிறுவனக் கையேடும் முழுதாகத் தந்ததில்லை. காதாலும் மூக்காலும் கற்று, பையன்களுக்குத் திட்டிக்கொண்டே சொல்லித்தந்தது அது. கார்புரேட்டர் வண்டிகள் மறைந்ததோடு, சொல்லித்தருபவர்களும் குறைந்துவிட்டார்கள்.

இதற்கிடையே பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமாயிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் சவ்வுகளையும் குழாய்களையும் உப்பவோ வெடிக்கவோ செய்யும். பல்லாண்டுகளாக டேங்கின் அடியில் படிந்திருந்த கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். பாதுகாத்து வைத்த ஓர் அம்பாசிடர் இன்று ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி நின்றால், முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது பம்ப்பின் வடிகட்டியை. அதில் பழுப்பு மண்டி அப்பியிருந்தால் டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும். குழாய்களையும் டயாபிரத்தையும் எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் மாற்ற வேண்டும்.