பீர் புளித்தால் கெட்டுப்போச்சா? பீப்பாயில் ஊறும் 'வைல்ட் ஏல்' பீரை ருசிப்பது எப்படி?

ஷாம்பெயின் போல கார்க் வைத்த பாட்டில். விலையும் கிட்டத்தட்ட வைன் அளவுக்கு. ஆவலாகத் திறந்து ஒரு மிடறு குடித்தால் நாக்கில் சுள்ளென்று புளிப்பு, மூக்கில் வைக்கோல் வாசனை. "என்னங்க இது, கெட்டுப்போன பீரா?" என்று கேட்கத் தோன்றும்.

பெரும்பாலும் கெட்டுப்போகவில்லை. இந்த பீர் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால், சில சமயம் நிஜமாகவே கெட்டும் போயிருக்கும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாவிட்டால், மூன்று வருட உழைப்பில் உருவான நல்ல பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். அல்லது "இது இப்படித்தான் சார் இருக்கும்" என்ற பேச்சை நம்பி, வீணான பாட்டிலுக்குக் காசு கொடுப்பீர்கள்.

வைல்ட் ஏல் என்றால் என்ன?

வழக்கமான பீரில் ஆய்வகத்தில் வளர்த்த ஒரே வகை ஈஸ்ட்டைச் சேர்த்து நொதிக்க வைப்பார்கள். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் 1883-ல் தூய ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகு வந்த பழக்கம் இது. அதற்கு முன்பு பீரில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்தே இருந்தன.

அந்தப் பழைய வழியில் காட்டு ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் இடம் கொடுத்துத் தயாரிப்பதுதான் வைல்ட் ஏல். நமக்கு இது புதிதல்ல. இட்லி மாவில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை, தானாகவே பொங்குகிறது. பனையிலிருந்து இறக்கிய சாறு சில மணி நேரத்தில் கள்ளாக மாறுவதும் இதே கதைதான்.

இதன் தாய்வீடு எது?

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரமும் அதை ஒட்டிய பாயோட்டன்லேண்ட் பகுதியும்தான். அங்கே தயாராகும் 'லாம்பிக்' பீர் இந்த வகைக்கு மூத்த அண்ணன். 1900-ல் தொடங்கிய கான்டியோன் ஆலை பிரஸ்ஸல்ஸில் இன்றும் இயங்குகிறது. பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தை 2016-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

லாம்பிக்குக்கு முளைகட்டிய பார்லியோடு, முளைகட்டாத கோதுமையும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேரும். ஹாப்ஸ் புதியதாக இருக்காது. ஓரிரண்டு வருடம் பழையதைத்தான் போடுவார்கள். கசப்பு குறைந்திருக்கும், ஆனால் வேண்டாத பாக்டீரியாவைத் தடுக்கும் சக்தி மிச்சமிருக்கும்.

கொதித்த தானியச் சாற்றை அகலமான, ஆழமில்லாத திறந்த தொட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்க ஆறவிடுவார்கள். 'கூல்ஷிப்' என்று அதற்குப் பெயர். காற்றிலும் கூரையிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதில் குடியேறும். இரவு குளிராக இருந்தால்தான் இது சரிவரும். அதனால் இந்த வேலை ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே நடக்கும். குளிர்காலம் சுருங்கினால் இவர்களின் வேலைநாளும் சுருங்கும்.

பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது?

காலையில் அந்தச் சாறு ஓக் மரப் பீப்பாய்க்குப் போகும். உள்ளே ஒரு ரிலே ரேஸ் நடக்கும். முதலில் குடல்வகை பாக்டீரியாக்கள் சில வாரங்கள் ஆட்டம் போடும். பிறகு வழக்கமான பீர் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். சில மாதங்கள் கழித்து பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். இந்தக் கட்டத்தில் பீர் கொழகொழவென்று நூல்நூலாகக்கூட ஆகலாம்.

கடைசியாக வருவது 'பிரெட்டனோமைசஸ்' என்ற காட்டு ஈஸ்ட். சுருக்கமாக 'பிரெட்'. கார்ல்ஸ்பெர்க்கில் வேலை பார்த்த நீல்ஸ் ஹெல்ட் கிளாசன் 1904-ல் இதை அறிவித்தார். இங்கிலாந்து பீரில் கிடைத்ததால் 'பிரிட்டன் பூஞ்சை' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தார். மற்றவை தின்னாமல் விட்ட சர்க்கரையைத் தின்று, கொழகொழப்பையும் சரிசெய்து, வைக்கோல், தோல், பழ வாசனைகளைத் தருவது இதுதான்.

பீப்பாய் எதற்கு? மர வாசனைக்காக என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். பெரும்பாலும் வைன் ஊறிய பழைய பீப்பாய்களைப் பயன்படுத்துவதால் மர வாசனை குறைவாகவே இறங்கும். மரத்தின் நுண்துளைகள் வழியே மிகச் சிறிதளவு ஆக்சிஜன் உள்ளே போவதும், பிரெட் அந்தத் துளைகளிலேயே குடியிருப்பதும்தான் முக்கியம். ஆக்சிஜன் அதிகமானால் ஆபத்து, பீர் வினிகராகிவிடும்.

லேபிளில் என்ன பார்க்கணும்?

- கூஸ்: ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்குகளின் கலவை. பாட்டிலுக்குள் மறுபடியும் நொதித்து நுரை உருவாகும்.
- கிரீக்: புளிப்புச் செர்ரி சேர்த்தது.
- அவுட்: டச்சு மொழியில் 'பழைய' என்று பொருள். கூஸ், கிரீக் பெயர்களுக்கு முன் இது இருந்தால் பாரம்பரிய முறைப்படி தயாரானது. இல்லாவிட்டால் இனிப்பு சேர்த்ததாக இருக்கலாம்.
- கெட்டில் சோர்: ஓரிரு நாளில் புளிக்க வைத்தது. இது பீப்பாயில் ஊறியது அல்ல. 'சோர்' என்று எழுதியிருந்தாலே வைல்ட் ஏல் என்று நினைத்துவிடாதீர்கள்.

எப்படி ருசிப்பது?

1. ஐஸ் போலக் குளிர வைக்காதீர்கள். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் போதும். அதிகம் குளிர்ந்தால் வாசனை அடங்கி, புளிப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும்.

2. வாய் குறுகிய வைன் கிளாஸில் பாதி மட்டும் ஊற்றுங்கள். பாட்டிலை ஆட்ட வேண்டாம், அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும்.

3. குடிக்கும் முன் முகருங்கள். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், காய்ந்த வைக்கோல், பழைய தோல் பை, தொழுவத்தின் லேசான நெடி எல்லாம் வரலாம். பயப்பட வேண்டாம்.

4. முதல் மிடறை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். நாக்கு அதிர்ச்சியில் இருக்கும். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது மிடறு குடியுங்கள். புளிப்புக்குப் பின்னால் பழமும், ஓக் தரும் துவர்ப்பும் தெரிய ஆரம்பிக்கும்.

5. விழுங்கிய பிறகு கவனியுங்கள். நல்ல பீர் வாயைக் காய்ந்த மாதிரி சுத்தமாக விட்டுவிட்டு, அடுத்த மிடறுக்குக் கூப்பிடும்.

பிரஸ்ஸல்ஸில் இதனுடன் ரொட்டி, வெண்மையான மென்சீஸ், முள்ளங்கி சாப்பிடுவார்கள். எண்ணெயில் பொரித்த எதற்கும் இந்தப் புளிப்பு நல்ல ஜோடி.

நிஜமாகவே கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?

- தொண்டையைச் சுடும் வினிகர் காரம்: லேசாக இருந்தால் சரி, அது மட்டுமே தெரிந்தால் குறை.
- நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை: ஆக்சிஜன் அதிகம் போயிருக்கிறது.
- வாந்தி அல்லது காறிப்போன வெண்ணெய் வாடை: பியூட்ரிக் அமிலம். வேண்டாம்.
- ஊற்றும்போது எண்ணெய் போல வழிவது: கொழகொழப்புக் கட்டம் தீரும் முன்பே பாட்டிலில் அடைத்திருக்கலாம். உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பீர் இன்னும் தயாராகவில்லை.
- விழுங்கிச் சில நொடிகள் கழித்து வரும் எலிக்கூண்டு வாடை: முகரும்போது தெரியாது. பீரின் அமிலத்தன்மை அதை அடக்கி வைத்திருக்கும், எச்சில் பட்டதும் வெளிவரும்.

இப்படி ஏதாவது தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள். "எனக்குப் பிடிக்கல" என்று சொல்வதை விட "நெயில் பாலிஷ் வாடை வருது" என்று சொன்னால் பரிமாறுபவருக்கும் புரியும்.

கடைசியாக ஒரு விஷயம்

புளிப்பாக, ஜூஸ் போல இருப்பதால் இதில் ஆல்கஹால் குறைவு என்று நினைக்காதீர்கள். 5 முதல் 8 சதவீதம் வரை இருப்பது சகஜம். மது அருந்தும் குறைந்தபட்ச வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குஜராத், பிகார் போன்ற இடங்களில் மதுவிலக்கு உண்டு. வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான குடி அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

750 மில்லி பாட்டில் ஒருவருக்கானது இல்லை. நாலு பேர் ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் பகிர்ந்துகொண்டால் ருசி பார்க்க அதுவே போதும்.