மீன் குஞ்சுக்கு ஆர்ட்டீமியா: எப்போது, எப்படி கொடுக்கணும்?

தொட்டியில் மீன் குஞ்சு பொரிச்சாச்சு, என்ன கொடுக்கிறது? ஆர்ட்டீமியாதான். தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் குட்டி உயிரி இது. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு கரைத்து, முட்டையைப் போட்டு ஏர் பம்ப் ஓடவிட்டால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். 28 டிகிரி சூடு போதும். மதுரையில் பெரும்பாலான மாதங்கள் ஹீட்டரே வேண்டாம்.

பொரிந்ததும் உடனே கொடுத்துடுங்க. ஆரம்பத்தில் அது எதையும் தின்னாது, உடம்பில் உள்ள மஞ்சள் கருவைக் கரைத்தே வாழும். நேரமாக ஆக சத்து குறையும்.

பம்பை நிறுத்தி, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் வெளிச்சத்தில் வந்து கூடும், வெறும் ஓடு மேலே மிதக்கும். ஓட்டை விழுங்கினால் மீன் குஞ்சு குடல் அடைத்துச் சாகலாம். கூடியதை மட்டும் உறிஞ்சி, வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொஞ்சமாகப் போடுங்க. நன்னீரில் சில மணி நேரமே தாங்கும். மிச்சம் செத்துத் தண்ணீரைக் கெடுக்கும்.