தராசு சாஞ்சா கேக்கலாமா? சரிதா தேவி கதை

சார்பட்டா பரம்பரை படம் வந்ததுல இருந்து எங்க ஊர் பசங்க கபிலன் பேச்சாவே இருந்தாங்க. நல்ல படம்தான். ஆனா நிஜத்துலயே அப்படி ஏறி, விழுந்து, மறுபடி எழுந்த ஒரு பொம்பளை நம்ம நாட்டுல இருக்காங்க. பேரு சரிதா தேவி. மணிப்பூர்ல நம்மள மாதிரி விவசாயக் குடும்பம். சின்ன வயசுல வயல்ல வேலை செஞ்சு வளர்ந்தவங்க.

2006-ல டெல்லியில நடந்த உலகப் போட்டியில 52 கிலோ பிரிவுல தங்கம் வாங்கினாங்க. ஆசியப் போட்டிகள்லயும் பல தடவை தங்கம். 2009-ல அர்ஜுனா விருது. கல்யாணம், குழந்தைன்னு ஆன பிறகும் விடலை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்துல 60 கிலோ பிரிவுல வெள்ளி.

அதே வருஷம் தென் கொரியாவுல இன்சியான் ஆசிய விளையாட்டு. அரையிறுதியில எதிராளி கொரியா வீராங்கனை பார்க் ஜி-னா. பார்த்தவங்க நிறைய பேரு சரிதாதான் ஜெயிச்சாங்கன்னு நினைச்சாங்க. மூணு நடுவரும் கொரியா பக்கம் தீர்ப்பு சொன்னாங்க. முறையீடு பண்ண 500 டாலர் கட்டணும். கையில அவ்வளவு இல்லை. அங்க இருந்தவங்க சேர்ந்து கொடுத்தாங்க. நடுவர் தீர்ப்பு மேல முறையீடே கிடையாதுன்னு தள்ளிட்டாங்க.

மறுநாள் பதக்க மேடையில வெண்கலத்தைக் கழுத்துல போட்டுக்க மாட்டேன்னு அழுதாங்க. அதை எடுத்து பார்க் கழுத்துல போட்டாங்க. அந்தப் பொண்ணு பாவம், திகைச்சு நின்னுச்சு. தீர்ப்பு எழுதினது அவ இல்லையே. அந்த இடத்துல சரிதா செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த அழுகை எனக்குப் புரியுது.

நம்ம புளி மூட்டையை மண்டிக்குக் கொண்டு போறோம். எடையில கழிவுன்னு வெட்டறாங்க. "இன்னொரு தடவை போடுங்க"ன்னு கேட்டா, "வேற எடம் பாத்துக்கோ"ன்னு பதில் வரும். கேட்டவன்தான் குத்தவாளி.

சரிதாவுக்கும் அதேதான். மன்னிப்புக் கேட்டாங்க. அப்படியும் உலகக் குத்துச்சண்டை சங்கம் ஒரு வருஷம் தடை போட்டுது, அபராதமும் சேர்த்து. சச்சின் டெண்டுல்கர் அவங்களுக்காக விளையாட்டு அமைச்சர்கிட்ட பேசினாரு. வயசு 32. இதோட முடிஞ்சுதுன்னுதான் பல பேரு நினைச்சாங்க.

முடியலை. 2015 அக்டோபர்ல தடை முடிஞ்சுது. 2016 தெற்காசிய விளையாட்டுல தங்கம். 2017 ஜனவரியில இம்பால்ல, சொந்த ஜனங்க முன்னாடி, தொழில்முறைச் சண்டையில ஹங்கேரிக்காரியை ஜெயிச்சாங்க. 2018 உலகப் போட்டியில 36 வயசுல இறங்கி, அயர்லாந்தோட கெல்லி ஹாரிங்டன்கிட்ட 3-2 தீர்ப்புல தோத்தாங்க. அந்த கெல்லிதான் அந்த வருஷ உலக சாம்பியன். அப்புறம் ரெண்டு ஒலிம்பிக் தங்கமும் வாங்கினாங்க. அப்படிப்பட்டவங்ககிட்ட ஒரு நடுவர் வித்தியாசத்துல தோக்கறது சும்மாவா? 2019 ஆசியப் போட்டியில வெண்கலம்.

தடை போட்ட சங்கம் என்னாச்சு தெரியுமா? நிர்வாகம் சரியில்லை, பணக்கணக்கு சரியில்லை, நடுவர்கள் நடத்தை சரியில்லைன்னு 2019-ல ஒலிம்பிக் கமிட்டி அதை ஒதுக்கி வச்சுது. 2016 ரியோ ஒலிம்பிக்ல தீர்ப்புகளை மாத்தி இருக்காங்கன்னு 2021-ல வந்த விசாரணை அறிக்கை சொல்லுச்சு. 2023-ல அங்கீகாரமே போச்சு.

அதுக்காக இன்சியான் தீர்ப்பை யாரும் மாத்தி எழுதலை. ஏட்டுல இன்னைக்கும் சரிதாவுக்கு வெண்கலம்தான்.

எனக்கு இதுல தெரியறது இதுதான். கேள்வி கேட்டவங்களுக்குத் தண்டனை உடனே வந்துடும். தராசு வச்சிருக்கறவனுக்கு அது வர பல வருஷம் ஆகும். அதுவரைக்கும் களத்தை விட்டுப் போகாம நிக்கணும். தலை குனிய வேண்டிய எடத்துல குனிஞ்சு, மறுபடி கையுறை மாட்டினாங்க பாருங்க, அதுதான் அந்த அம்மாவோட ஜெயிப்பு.